பிரசவத்தில் பிழைத்த தாய்க்குப் பிறகு என்ன நேர்ந்தது?



வேலூர் மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை நம் சபைகளில் தெரியாதவர் இல்லை. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பேர் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனையில் ஒரு பெண். ஐடாவின் தகப்பனார் மருத்துவர்தான். ஆனால் ஓர் ஆண் மருத்துவரை உள்ளே விட மூவரும் இசையவில்லை. ஐடாவோ அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்திருந்தார்கள். அதன் பிறகே அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பி, 1900-ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஊழியத்தைத் தொடங்கினார்.

அந்த மூன்று பெண்களைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே காலத்தில், அதே போன்ற வீடுகளில், பிரசவத்தின்போது ஏராளமாக இரத்தம் போயும் சாகாமல் பிழைத்துக்கொண்ட பெண்களும் இருந்திருப்பார்கள். "தெய்வாதீனமாகப் பிழைத்தாள்" என்று சொல்லி எல்லாரும் கலைந்து போயிருப்பார்கள். பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று? அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

தருமபுரி மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து வரக்கூடிய ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் ஒரு தனிப்பட்ட ஆள் அல்ல. இந்த வியாதியோடு வருகிற பலரையும் சேர்த்து ஒருவராகச் சொல்லுகிறேன். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். பார்த்தால் எழுபது என்று தோன்றும். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, இலேசான காய்ச்சல். வேறு யாராக இருந்தாலும் கஞ்சி குடித்து எழுந்திருப்பார்கள். இவரோ நினைவில்லாமல் கிடக்கிறார். இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 40. இரத்தத்தில் உப்புச்சத்து 135-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், இவருக்கு 112. முகம் வெளிறி, தோல் மெலிந்து, சுருக்கம் விழுந்திருக்கிறது. புருவத்தின் ஓரங்களில் முடி இல்லை; அக்குளிலும் இல்லை.

பெங்களூரில் கட்டட வேலை செய்யும் மகன் இரவோடு இரவாகப் பஸ் பிடித்து வந்திருக்கிறான். "அம்மா ரொம்ப நாளாவே சோர்வாத்தாங்க இருக்கும், டாக்டர். சித்திரை வெயில்லகூட கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கும். வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோமுங்க" என்கிறான்.

இந்த நேரத்தில் அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர், மகனை விட்டுவிட்டு, உடன் வந்த பெரியம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பார். "ஏம்மா, உங்க தங்கச்சி கடைசிப் புள்ளைக்குப் பால் குடுத்தாங்களா?"

"எங்கே குடுத்தா? ஒரு சொட்டு பால் ஊறலையே! ஆட்டுப் பாலும் சர்க்கரைத் தண்ணியும் ஊத்தித்தானே இவனை வளத்தோம். அன்னைக்குப் போன இரத்தத்துக்கு அவ பொழைச்சதே பெருசு. அதுக்கப்புறம் வீட்டுக்குத் தூரமும் வரலை."

நோய் என்னவென்று அங்கேயே ஏறத்தாழ முடிவாகிவிட்டது. கேள்விக்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக அதை ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு கிராம் எடைகூட இல்லாத சுரப்பி

மூளையின் அடியில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், எலும்பாலான ஒரு சிறு குழிக்குள் பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. பட்டாணி அளவு, எடை அரை கிராமுக்குச் சற்று மேல். உடலிலுள்ள மற்றச் சுரப்பிகளுக்கு உத்தரவு அனுப்புகிற இடம் இதுதான். தைராய்டு சுரப்பி உடம்பின் சூட்டையும் சுறுசுறுப்பையும் காக்க வேண்டுமானால் இங்கிருந்து சொல் போக வேண்டும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரப்பதும், கருப்பை மாதந்தோறும் தன் வேலையைச் செய்வதும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதும் இதன் ஏவலால்தான்.

கர்ப்ப காலத்தில், பால் சுரப்பதற்கு ஆயத்தமாக, இந்தச் சுரப்பி ஏறக்குறைய இரு மடங்காகப் பெருக்கிறது. ஆனால் அது இருக்கும் எலும்புக் குழி பெருப்பதில்லை. அதற்கு வரும் இரத்தமும் பெரும்பாலும் நேரடியாக வருவதில்லை. மூளையின் ஒரு பகுதியைச் சுற்றிவிட்டு, குறைந்த அழுத்தத்தில், மெல்லிய நாளங்கள் வழியாக வருகிறது. வாய்க்காலின் கடைமடை வயல் போன்றது இதன் நிலைமை. ஏரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். பிரசவத்தில் நஞ்சுக்கொடி சரியாக விழாமலோ, கருப்பை சுருங்காமலோ இரத்தம் கொட்டிப்போய் அழுத்தம் விழுந்துவிட்டால், பெருத்து நிற்கும் அந்தச் சுரப்பிக்கு இரத்தம் எட்டாமல் திசுக்கள் மடிந்துபோகின்றன. மடிந்தவை திரும்ப வளருவதில்லை.

பிரசவத்தில் மாண்ட பெண்களின் உடல்களை ஆராய்ந்து இதைத் தெளிவாக்கியவர் ஹெரால்டு ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் பணியாற்றியபோது, 1937-இல் தமது ஆய்வை வெளியிட்டார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் சிம்மண்ட்ஸ் என்பவர் 1914-லேயே இச்சுரப்பியின் அழிவைப் பற்றி எழுதியிருந்தாலும், பிரசவ இரத்தப்போக்குக்கும் அதற்கும் உள்ள தொடர்பை உறுதியாக நிறுவியவர் ஷீஹன்தான். ஆகவே இந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஏன் கண்டுபிடிக்க இத்தனை ஆண்டுகள்?

இந்த வியாதியின் தந்திரம் அதன் பொறுமை. சுரப்பியில் முக்கால் பங்கு அழிந்தால்தான் குறைகள் வெளியே தெரியும். மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தை வைத்து உடம்பு பல ஆண்டுகள் ஒப்பேற்றிக்கொண்டு போகும். முதல் அடையாளம் பால் ஊறாமை. இரண்டாவது, மாதவிலக்கு திரும்பாமை. இரண்டையும் நம் வீடுகளில் யாரும் நோயாக நினைப்பதில்லை. பால் இல்லை என்றால் அவள் உடல்வாகு; மாதவிலக்கு இல்லை என்றால் ஒரு தொல்லை விட்டது! அதற்குப் பிறகு வருவதெல்லாம் மெதுவாக வரும்: குளிர் தாங்காமை, பேச்சில் மந்தம், பசியின்மை, எதிலும் பற்றில்லாமை. "சோம்பேறி" என்ற பெயரும் பல மருமக்களுக்குக் கிடைத்திருக்கிறது. நெல் அறுக்கவும் நிலக்கடலை பிடுங்கவும் போக முடியாத பெண் ஏழை வீட்டில் எவ்வளவு பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

மருத்துவர்களும் ஏமாறுவதுண்டு. வெளிறிப்போய் வந்தால் இரத்த சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். சோர்ந்து வந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ். குளுக்கோஸ் ஏற்றியதும் அன்றைக்குத் தெம்பு வந்துவிடும், ஏனென்றால் குறைந்திருந்த சர்க்கரை ஏறிவிட்டது. அந்தத் தெம்பே நோயை இன்னும் ஓராண்டு மறைத்துவிடும். உப்புக் குறைவால் குழம்பிப் பேசினால் மனநோய் என்று எண்ணி வேறு பக்கம் அழைத்துப் போவார்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தைராய்டு குறைவு என்று சந்தேகித்து ஆய்வகத்தில் டி.எஸ்.எச். என்ற ஒரே ஒரு பரிசோதனையைச் செய்து பார்ப்பது இன்று சாதாரண வழக்கம். தைராய்டே பழுதானவர்களுக்கு அது உயர்ந்து நிற்கும். ஆனால் டி.எஸ்.எச். என்பதே பிட்யூட்டரி அனுப்புகிற உத்தரவு. உத்தரவு போடுகிறவரே விழுந்துவிட்டால் அது எப்படி உயரும்? "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சீட்டு வரும். தைராக்சின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நண்பர்கள் சிலர், "இப்போதெல்லாம் யார் வீட்டில் பிரசவம் பார்க்கிறார்கள்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2008 முதல் 108 ஆம்புலன்சும் ஓடுகிறது. பிள்ளை பிறந்த உடனே ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கருப்பையைச் சுருங்கச் செய்வது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது. ஆனால் இதே கணக்கெடுப்பு முதன்முதலில் 1992-93-இல் நடந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான பிரசவங்கள் வீட்டில் நடந்தன. தருமபுரியின் மலைப்பகுதிகளில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவருடைய துணைவியார் டாக்டர் லலிதாவும் 1993-இல் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கும் வரையில், அந்தப் பள்ளத்தாக்கின் மக்களுக்கு அவசர சிகிச்சை என்றால் வெகுதூரப் பயணம்தான். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின்மேல் ஏற்றிக்கொண்டு போன செய்தியை 2019, 2021 தேர்தல்களில் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் ஏறிய அதே வழியில்தான் அன்று பிரசவ வலி கண்டவர்கள் இறங்க வேண்டியிருந்தது.

அன்று இரத்தம் இழந்த தாய்மார் இன்று ஐம்பதும் அறுபதுமாக நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே புதிய நோயாளிகள் குறைந்தாலும் பழைய பிரசவங்களின் பாக்கி வார்டுக்கு வந்துகொண்டே இருக்கும். காஷ்மீரில் டாக்டர் சர்காரும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளை பெற்ற, 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு இக்குறை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அங்கே கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

விரியன் கடித்த ஆண்கள்

ஆண்களுக்கு இந்த வியாதி இல்லையா என்றால், அதற்கும் நம் வயல்வெளியில் ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைத்துவிடும். சிறுநீரகத்தைக் கெடுப்பது எல்லாருக்கும் தெரியும். அதே விஷம் சிலருக்குப் பிட்யூட்டரியின் மெல்லிய நாளங்களிலும் இரத்தக்கசிவையும் அடைப்பையும் உண்டாக்கி, ஷீஹன் சொன்ன அதே அழிவை ஏற்படுத்துகிறது. நம் நாட்டு மருத்துவர்கள் இதை 1976-லேயே குறித்திருக்கிறார்கள்; 1987-இல் பர்மாவிலிருந்து 'லான்செட்' மருத்துவ இதழில் விரிவான ஆய்வு வெளிவந்தது. அன்று வார்டில் விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைத்து வீடு திரும்பியவர், சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்துப் பெலனற்றுப் போய் வருவார். அவரிடம் பால் பற்றிக் கேட்க முடியாது. "சவரம் எத்தனை நாளைக்கு ஒருமுறை?" என்று கேட்க வேண்டும். "இப்போ தாடியே வளர்றதில்லீங்க" என்பார்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. கடிபட்டுச் சிகிச்சை பெறுகிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இனிச் சரியாகக் கிடைக்கும். பிழைத்துப் போனவர்களை ஓராண்டு கழித்து மறுபடி அழைத்துப் பார்க்கும் வழக்கமும் அதோடு வர வேண்டும் என்பது என் ஆசை.

முதல் ஊசியும் மருந்தின் வரிசையும்

நினைவிழந்து கிடக்கும் நம் தாயிடம் திரும்புவோம். அவர் உடம்பில் கார்டிசால் இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு என்று எந்தத் துன்பம் வந்தாலும் நம் சரீரம் கார்டிசாலைப் பல மடங்கு சுரந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. அது இல்லாதவருக்குச் சாதாரண வயிற்றுப்போக்கே உயிரைக் குடித்துவிடும்.

இங்கே மருத்துவர் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. கார்டிசால் அளவு பார்க்க இரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியை இரத்தக்குழாயில் செலுத்துவார். கூடவே குளுக்கோசும் சலைனும். முடிவு தவறாகப் போனாலும் ஒரு நாள் ஊசியால் பெரிய கேடு இல்லை. சந்தேகத்தில் தாமதித்தால் நோயாளி இருக்கமாட்டார். காலையில் போட்ட ஊசிக்கு மாலையில் கண் திறந்து, "நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு மறக்க முடியாத காட்சி அது.

தைராய்டு மருந்தும் இவருக்கு வேண்டும். ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் ஸ்டிராய்டு, அதன் பிறகே தைராக்சின். தைராக்சின் உடம்பின் ஓட்டத்தை வேகப்படுத்தும். கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருக்கும் கார்டிசாலையும் அது சீக்கிரம் தீர்த்துவிடும். தைராய்டு குறைவு மட்டுமே என்று நினைத்து முதலில் அந்த மாத்திரையைத் தொடங்கி, சில நாட்களில் நோயாளி சாய்ந்துவிட்ட சம்பவங்களை மருத்துவ நூல்கள் எச்சரிக்கையாகவே சொல்லுகின்றன.

இந்த இரண்டு மருந்துகளுக்கும் ஓர் உறவு உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்டு கெண்டால் என்ற இரசாயன அறிஞர் தைராக்சினைப் பளிங்குத் துகளாக முதன்முதலில் பிரித்தெடுத்தது 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில். அதே கெண்டால் பின்னாளில் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசோனையும் பிரித்தெடுத்தார். 1948-இல் அவருடைய நண்பர் ஹென்ச் அதை முதன்முதலில் ஒரு மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார். 1950-இல் இருவருக்கும் சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஷீஹன் நோயைக் கண்ட 1937-இல் அதற்கு இப்படி ஒரு மருந்து இல்லை. நம் மலைக்கிராமத்துத் தாய் காலையில் விழுங்கும் இரண்டு மாத்திரைகளும் ஒரே மனிதரின் கைவழியே வந்தவை.

"ஸ்டிராய்டா? வேண்டாமுங்க!"

உயிரைக் காப்பது ஒரு நாள் வேலை. அதன் பிறகு உயிருள்ளவரை மாத்திரையை விடாமல் சாப்பிடச் செய்வதுதான் கடினம். காலையில் 10 மில்லிகிராம், பிற்பகலில் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் என்பது பொதுவான அளவு. சிற்றூர்க் கடைகளில் அது எளிதில் கிடைக்காது என்பதால் பலருக்குப் பிரெட்னிசலோன் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்கு மிகாது, விலை ஒரு ரூபாயைச் சுற்றித்தான். ஆகவே பணத்தைவிடப் பயம்தான் பெரிய தடை. "ஸ்டிராய்டு உடம்பைக் கெடுக்கும், எலும்பைத் தின்னும்" என்று பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. வேறு நோய்களுக்கு அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி நேரிடுவது உண்மை. இவருக்குக் கொடுப்பது உங்கள் உடம்பும் என் உடம்பும் தினமும் தானே சுரந்துகொள்கிற அளவு மட்டுமே. இவரிடம் அது சுரக்கவில்லை, வெளியிலிருந்து வைக்கிறோம். இதை விளக்க நர்ஸுகள் செலவிடும் நேரம் மருந்தின் விலையைவிட மதிப்புள்ளது.

இன்னொன்றையும் சபையாருக்குத் தயக்கத்தோடு சொல்லுகிறேன். தெம்பு திரும்பியதும், "சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. லெந்து நாட்களில் உபவாசம் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இந்த மாத்திரைக்கு உபவாசம் கிடையாது. சாட்சி சொல்ல எழுந்து நிற்கும் பெலனே அந்த மாத்திரை கொடுத்ததாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் இதை அன்பாகச் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் வந்தால் அன்றே அளவை இரண்டு அல்லது மூன்று மடங்காக்கி, காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்காக உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும், எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். எழுத்துத் தெரியாத தாய்க்கு அட்டை மட்டும் போதாது. வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

நம் தாயின் வீட்டில் அந்தப் பொறுப்பு மருமகளுக்கு வந்திருக்கிறது. மூன்றாம் வாரம் திரும்பிக் காட்ட வரும்போது கம்பளியைக் காணோம். "களி ருசியா இருக்குதுங்க" என்கிறார் அம்மா; பல ஆண்டுகளாக உணவின் ருசி தெரியாமலிருந்தவர். மாத்திரைகள் ஒரு பழைய பவுடர் டப்பாவில் இருக்கின்றன. மருமகள் காலையில் அடுப்புப் பற்ற வைத்ததும் அதைத் திறந்து கொடுத்துவிடுகிறாள். மகன் பெங்களூருக்குத் திரும்பிப் போகும்முன் தினசரிக் காலண்டரில் அடுத்த பரிசோதனைத் தேதியைக் குறித்துவிட்டு, அதற்கு ஏழு தாள் முன்னால் ஒரு தாளின் முனையை மடித்து வைத்திருக்கிறான். மாத்திரை தீர்வதற்குள் யாராவது புறப்பட்டு வர வேண்டுமே!